உப்பு ஜாஸ்தி

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளுக்குப் போகும் சந்தின் முனையில் கங்கம்மாள் வைத்திருந்த இட்லிக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. திட்டுக்காரம்மா கடை என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். விடியற்காலையில் அடுப்பைப் பற்ற வைத்தால் டேனரிச் சங்கு ஊதும்வரை அவள் கையும் ஓயாது, வாயும் ஓயாது. கை கழுவாமல் உட்கார்ந்தவனுக்கு ஒரு திட்டு. சட்னியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டவனுக்கு ஒரு திட்டு. முந்தின நாள் வராமல் வேறு கடையில் சாப்பிட்டவனுக்கு அவன் பரம்பரையையே இழுத்து ஒரு திட்டு. நாளெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் முட்டியளவு நிற்கப்போகிற ஆட்கள் அதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி இன்னும் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் புருஷன் பரந்தாமன் தையற்காரர். பஜார் தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மிஷின் போட்டிருந்தார். அவளுக்கு நேர் எதிர். வாடிக்கைக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றால் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்பார். ஒரு கை நீளமாகத் தொங்கினாலும், "நல்லாயிருக்கு, ஒரு தண்ணி பட்டா சரியாப்பூடும்" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே தொழிலையும் வீட்டையும் இத்தனை வருஷம் சண்டையில்லாமல் ஓட்டிவிட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் ஒருத்தர் பேசவும் ஒருத்தர் கேட்கவுமாகப் பொழுது போயிற்று.

சீனாக்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் கங்கம்மாளுக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் என்னவோ தட்டுப்பட்டது. அடுப்படியில் நிற்கும்போது அவள் புகையிலை அடக்கிக்கொள்கிற இடம் அது. முதலில் புளியங்கொட்டை மாதிரி இருந்தது. லவங்க எண்ணெய் தடவினாள். புகையிலையை வலது பக்கத்துக்கு மாற்றினாள். சண்டை நின்றது, கட்டி நிற்கவில்லை. கடைசியில் பரந்தாமன்தான் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அங்கே சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். புற்று என்றார்கள். ஆடிக்கொண்டிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு, ஆறு வாரம் கரண்ட்டு, அதாவது கதிர்ச் சிகிச்சை, வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சனி ஞாயிறு போக தினமும் வைக்க வேண்டுமாம். வார்டில் கட்டில் தருகிறோம், இங்கேயே தங்கிவிடுங்கள் என்றார்.

"தினம் அந்த மிஷின் கீழ எவ்ளோ நேரம் படுக்கணும்?" என்று கேட்டாள் கங்கம்மாள்.

"அஞ்சு நிமிஷம் ஆகும்மா."

"அஞ்சு நிமிசத்துக்காக நாள் பூரா இங்க கெடக்கணுமா? அதெல்லாம் நம்மால ஆவாது, டாக்டரம்மா. காலையில கடையை முடிச்சிட்டு பஸ் ஏறி வந்துர்றேன்."

"தினமும் ஆம்பூர்லேருந்தா? போகப்போக வாய் புண்ணாகும். உடம்பு தளரும். ஒருநாள் கூடத் தவறக் கூடாது."

"தவறினா கேளுங்க."

டாக்டரம்மா பரந்தாமனைப் பார்த்தார். பரந்தாமன் தரையைப் பார்த்தார். பிறகு கங்கம்மாளை வெளியே உட்கார வைத்துவிட்டு, டாக்டரம்மா அவரிடம் தனியாக நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தவரிடம், "இன்னாய்யா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நல்லாயிருக்குன்னாங்க. கரண்ட்டு வெச்சா சரியாப்பூடும்னாங்க."

கரண்ட்டு அறையில் தானியேல் என்றொருவர் வேலை பார்த்தார். நெட்டையான ஆள், பேச்சில் சிரிப்பு இருந்துகொண்டே இருக்கும். அவள் கன்னத்தில் ஊதா மையால் கட்டம் போட்டு, நடுவே ஒரு குறுக்குக்கோடும் இழுத்து, "இதை அழிச்சிடாதீங்கம்மா. ஆறு வாரத்துக்கும் இந்தக் கன்னத்துல தண்ணியே படக்கூடாது" என்றார்.

"பாதி மூஞ்சி கழுவினா போதும்ன்றீங்க."

"ஆமா, சோப்பு பாதி மிச்சம்."

மறுநாள் காலையில் கடைக்கு வந்தவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். யாருக்கும் வாயெடுத்துக் கேட்கத் தைரியமில்லை. தோலில் ஒட்டிய சதையைச் சீவும் மேஜையில் வேலை செய்கிற ஆரோக்கியசாமிதான் கேட்டான். "அக்கா, கன்னத்துல இன்னாக்கா அது?"

"எங்க வூட்டுக்காரர் தையக்காரர் இல்ல? வெட்டறதுக்கு முந்தி குறி போட்டு வெச்சிக்கீறாரு. நீ மூடிக்கினு துன்னு."

கடை முழுக்கச் சிரித்தது. பரந்தாமன் மட்டும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விடியுமுன்னே மாவு ஊற்றி, சங்கு ஊதியதும் அடுப்பைத் தணித்து, பாத்திரங்களைப் பரந்தாமனிடம் விட்டுவிட்டு, ஒன்பதரை மணி பஸ்ஸைப் பிடிப்பாள். முதல் சில நாள் அவரும் கூடப் போனார். பிறகு, "நீயும் வந்தா உன் மிஷின் துருப்பிடிச்சிடும். எனக்கு வழி தெரியும்" என்று அவரை நிறுத்திவிட்டாள். அந்த அறையில் கனமான கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே போனபின், தலைக்கு மேலே அந்த இயந்திரம் முனகுகிற நேரம்தான் அவளுக்குப் பயமாக இருக்கும். அப்போது மறுநாள் சட்னியை நினைத்துக்கொள்வாள். வரமிளகாய் வறுத்து, வெங்காயம் வதக்கி, அம்மியில் வைத்து இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் கதவு திறந்துவிடும். "இன்னிக்கு இன்னா சட்னி?" என்று கேட்டுக்கொண்டே தானியேல் வருவார்.

பொங்கலுக்கு முன்னாலேயே அவளுக்கு நாக்கு செத்துப்போயிற்று. சர்க்கரைப் பொங்கல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. எச்சில் வற்றி, கயிறு மாதிரி திரிந்தது. அடுத்த வாரம் கன்னத்தின் உள்பக்கம் வெந்து புண்ணானது. இட்லிக் கடைக்காரியால் இட்லி சாப்பிட முடியவில்லை. கஞ்சியும் மோரும்தான் இறங்கின. வேளைக்கு வேளை உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். ஒரு வார்த்தை பேசினால் நெருப்பைத் தொட்டது போல இருந்தது. ஆகையால் திட்டு நின்றுபோயிற்று.

அதற்குப் பதிலாகக் கரண்டியை எடுத்தாள். இட்லிச் சட்டி மூடியில் ஒரு தட்டுத் தட்டினால் கை கழுவு என்று பொருள். இரண்டு தட்டினால் இடத்தைக் காலி பண்ணு. விடாமல் தட்டினால் ஆரோக்கியசாமி சட்னி வாளியில் கை வைத்திருக்கிறான் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். ஆனாலும் கரண்டி கரண்டிதானே. ஒரு காலை ஆரோக்கியசாமி இலைக்கு முன்னால் சோகமாக உட்கார்ந்திருந்தான்.

"அக்கா திட்டாம இட்லி எறங்க மாட்டேங்குது, மாமா. அக்காவுக்குப் பதிலா நீங்களாச்சும் ரெண்டு வார்த்த திட்டுங்களேன்" என்றான் பரந்தாமனிடம்.

கங்கம்மாள் அடுப்பருகிலிருந்து அவனைப் பார்த்து, கையை வீசி, மூக்கைப் பொத்தி, வானத்தைக் காட்டி ஏதோ சைகை செய்தாள். பரந்தாமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதாவது, கொஞ்சம் கையைக் கழுவிட்டு வந்தா சௌரியமா இருக்கும்னு சொல்றாங்க."

"அவ்ளோதானா? அக்கா அவ்ளோ பெருசா கை ஆட்டினாங்களே!"

"உங்க அப்பா அம்மாவையும் விசாரிச்சாங்க."

கங்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் புண் வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, திரும்பி நின்றுகொண்டாள்.

ஆனால் அந்த வாரமே இன்னொன்றையும் கவனித்தாள். எச்சில் இலைகளை எடுக்கும்போது சாம்பார் அப்படியே நின்றிருந்தது. வழக்கமாக இலையை வழித்துத் தின்கிற ஆட்கள். இப்போது யாரும் ஒன்றும் சொல்லாமல் பாதியை விட்டுவிட்டுப் போனார்கள். நோயாளி என்று பரிதாபப்படுகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. அந்தப் பரிதாபம் புண்ணைவிட எரிந்தது.

பக்கத்து வீட்டுக் குர்ஷித்தைக் கூப்பிட்டாள். குர்ஷித்தின் புருஷன் டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். அவரைப் போலவே அவளும் எதையும் பார்த்ததும் தரம் பிரித்துவிடுவாள். சாம்பாரை ஒரு சொட்டு வாயில் விட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"ஐயய்யோ அக்கா, உப்பு ரொம்ப ஜாஸ்தி. இதைத் துன்னுட்டு வெயில்ல நின்னா அந்த ஆளுங்களே தோலாட்டம் பதமாயிடுவாங்க."

அன்று முதல் கடை திறக்குமுன் குர்ஷித் வந்து ருசி பார்த்தாள். உப்பு கம்மி, காரம் போதும், இன்னும் கொஞ்சம் புளி. கங்கம்மாள் அவள் சொன்னபடி செய்தாள். இலைகள் மறுபடி சுத்தமாகத் திரும்பின. ஒரு வாரம் போயிருக்கும், ரம்ஜான் பிறந்துவிட்டது.

"ரோஜா வெச்சிருக்கேன் அக்கா, நோன்பு" என்றாள் குர்ஷித் வாசலில் நின்றபடி. "சமையல் செய்றவங்க நாக்கு நுனியில வெச்சிப் பாத்துட்டுத் துப்பிடலாம்னு சொல்லுவாங்க. ஆனா உன் சாம்பாரைத் துப்ப எனக்கு மனசு வராது. தெரியாம முழுங்கிட்டேன்னா அந்தப் பாவம் உனக்கும் எனக்கும். உன் வூட்டுக்காரரு இருக்காரே, அவரைக் கேளு."

அதே சமயத்தில்தான் கங்கம்மாள் வேறொன்றையும் மனதுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தாள். கன்னத்தின் வெளித்தோலும் இப்போது கருத்து உரியத் தொடங்கியிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் உயிர் போயிற்று. கரண்ட்டு நாலு வாரம் ஆகப்போகிறது. கட்டியும் தொட்டால் சின்னதாகத்தான் தெரிகிறது. டாக்டரம்மா தனியாகப் பேசியபோதே நல்லாயிருக்கு என்றுதானே சொன்னார்? இந்த வாரத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன? யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டு வந்து, திங்கட்கிழமை பஸ் ஏறாமல் இருந்துவிடுவது என்று நினைத்திருந்தாள்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, பரந்தாமன் கையில் சாம்பார்க் கிண்ணத்தைக் கொடுத்தாள். அவர் குடித்தார்.

"நல்லாயிருக்கு."

சட்னியைக் கொடுத்தாள்.

"நல்லாயிருக்கு."

கங்கம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் நகர்ந்ததும் ஒரு கிண்ணத்தில் சாம்பாரைத் தனியாக ஊற்றி, ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து, "இதைப் பாரு" என்று நீட்டினாள். பரந்தாமன் வாங்கிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. கண் இரண்டும் கலங்கிச் சிவந்துவிட்டன. மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு, கங்கா."

கங்கம்மாள் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். வாய் எரிந்தாலும் பேசினாள். சொற்கள் குழறிக் குழறி வந்தன.

"ஒரு பிடி உப்பு போட்டேன்யா அதுல."

அவர் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"மாட்டுக்குக் கூட வெக்க மாட்டாங்க அதை. உனக்கு நல்லாயிருக்கா?"

"நீ வலியோட செய்றே. அதுல நான் வேற கொற சொல்லணுமா?"

"என் வலியை நான் பாத்துக்கிறேன். எனக்கு நாக்கு இல்ல. இப்ப நீதான் என் நாக்கு. நாக்கு பொய் சொன்னா நான் இன்னா செய்வேன்? சொல்லு. அந்த மொதல் சாம்பார் எப்படி?"

பரந்தாமன் கிண்ணத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். தப்பிக்க ஒரு வழியும் இல்லை.

"உப்பு ஜாஸ்தி" என்றார் மெதுவாக.

"சட்னி?"

"புளி ஜாஸ்தி." சொன்ன பிறகு, எதையோ இறக்கி வைத்தவர் போல ஒரு மூச்சு விட்டார். "அது கல்யாணம் ஆன நாள்லேருந்தே ஜாஸ்திதான்."

கங்கம்மாளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருஷமா? தினமும் இரண்டு வேளை? சிரிப்பு கிளம்பியது. அதோடு சேர்ந்து இன்னொரு நினைப்பும் கிளம்பி, சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டது.

"அப்ப டாக்டரம்மா உன்கிட்ட தனியா இன்னா சொன்னாங்க?"

பரந்தாமன் துண்டின் முனையை மடித்தார், பிரித்தார்.

"நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்லாதே."

"பாதிக்குப் பாதின்னாங்க" என்றார். "கரண்ட்டை முழுசா முடிச்சா கட்டி அடங்கலாம். நடுவுல உட்டுட்டா திரும்பக் கெளம்பும், அப்ப யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. முழுசா முடிச்சும் மிச்சம் இருந்துச்சின்னா கத்தி வெக்கணும். தாடை எலும்போட எடுக்கணும்னாங்க. எனக்கு உன்கிட்ட சொல்ல வாய் வரல."

அடுப்பில் இட்லிப் பானை கொதித்து மூடி தடதடத்தது. கங்கம்மாள் எழுந்து போய் விறகை இழுத்துத் தீயைக் குறைத்தாள். திரும்பி வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"திங்கக்கிழமையிலேருந்து நிறுத்திடலாம்னு இருந்தேன்யா."

பரந்தாமன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நல்லாயிருக்குன்னு நீ சொன்னியேன்னுதான்."

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கங்கம்மாள் தேற்றவில்லை. சாம்பாரில் கொதித்த தண்ணீரும் வெந்த பருப்பும் விட்டுக் கலக்கினாள். கரண்டியில் எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். "அழுவுறதை அப்பறம் வெச்சிக்கோ. ஆளுங்க வந்துடுவாங்க. இப்ப எப்படி?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ருசி பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பருப்பு."

அன்று அவள் ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தாள். திங்கட்கிழமையும் பிடித்தாள். அதற்கப்புறம் ஒரு நாளும் விடவில்லை. எழுந்து நிற்க முடியாத ஒரு காலையில் குர்ஷித் வெறும் வயிற்றோடு வந்து இட்லி ஊற்றினாள். பரந்தாமன் கூடவே பஸ்ஸில் வந்து, குலுங்குகிற பள்ளம் வருமுன்னே, "இப்ப குலுங்கப் போவுது, கன்னத்தைப் புடிச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கரண்ட்டு அறையில் தானியேல், "இன்னும் கொஞ்சம்தாம்மா" என்றதற்கு, "கொஞ்சம்னா எவ்ளோன்னு சரியாச் சொல்லுங்க சார்" என்று பரந்தாமன் அதட்டியதைக் கேட்டு அவளே அசந்துபோனாள்.

உண்மை பேசுகிற பழக்கம் அவருக்குக் கொஞ்சம் அளவுக்கு மீறியே பிடித்துக்கொண்டது. தைக்கக் கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்த ஒரு மண்டி முதலாளியிடம், "நல்லா இல்ல. துணி சரி, தையலும் சரி, வயிறுதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு வந்து, ஆம்பூரில் பொய் சொல்லாத தையற்காரன் இவன் ஒருத்தன்தான் என்று சொல்லி நாலு சட்டைக்கு அளவு கொடுத்தார்.

கரண்ட்டு முடிந்து சில வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டரம்மா விரலை விட்டு நெடுநேரம் தடவிப் பார்த்தார். வழக்கம்போலப் பரந்தாமனிடம் தனியாகப் பேசலாமா என்று பார்த்தார்.

"இங்கயே சொல்லுங்க" என்றாள் கங்கம்மாள்.

"பெரும்பகுதி கரைஞ்சிடுச்சு. தாடையோரம் மொச்சை அளவு நிக்குது. அதை ஆப்பரேஷன் செஞ்சு எடுத்துடறது நல்லது. கொஞ்சம் எலும்பும் போகும். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கும். பேச்சு முன்ன மாதிரி தெளிவா இருக்காது."

கங்கம்மாள் பரந்தாமனைப் பார்த்தாள். "நீ இன்னா சொல்றே?"

"எனக்கு பயமா இருக்கு" என்றார் அவர். "ஆனா எடுத்துடலாம். மொகம் எப்படி இருந்தாலும் நீ இருந்தா போதும்."

"பேச்சு தெளிவா இல்லன்னாலும் திட்ட முடியுமா, டாக்டரம்மா?"

"திட்டறதுக்குத் தெளிவு எதுக்கும்மா?" என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல்.

சித்திரை வெயிலில் ஆப்பரேஷன் நடந்தது. ஒரு மாதத்துக்குமேல் வார்டில் கிடந்தாள். மூக்கில் குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள். கடையைப் பரந்தாமனும் ஆரோக்கியசாமியின் பெண்சாதியும் சேர்ந்து நடத்தினார்கள். புளியைக் குறைத்துச் சட்னி அரைத்ததும் கடையில் ரகளை ஆகிவிட்டது. இது திட்டுக்காரம்மா சட்னி இல்லை, பழையபடி வேண்டும் என்று டேனரி ஆட்கள் ஒரே குரலாகக் கேட்டார்கள். இதை வார்டுக்கு வந்து பரந்தாமன் ஒன்று விடாமல் ஒப்பித்தார். வாயில் கட்டோடு படுத்திருந்த கங்கம்மாள் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டித் தட்டி வெற்றி கொண்டாடினாள். நர்ஸ் ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

ஆடி மாதம் கடைக்குத் திரும்பினாள். இடது கன்னம் உள்வாங்கி, வாய் ஒருபுறம் கோணியிருந்தது. பேச்சில் பாதி எழுத்து காற்றாகப் போயிற்று. முதல் நாள் அவளைப் பார்த்த ஆட்கள் எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாமல் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கை கழுவாமல் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தான். கங்கம்மாள் குனிந்து அவனிடம் நீளமாக ஏதோ சொன்னாள். ஒரு எழுத்தும் விளங்கவில்லை. பொருள் மட்டும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவன் எழுந்து ஓடிப்போய்க் கை கழுவினான்.

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா வெளிச்சம் போட்டு எல்லா இடமும் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பல வருஷத்துக்கு அப்படித்தான் என்றார். அடுத்த தடவைக்கு ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தார்.

"வெள்ளிக்கெழமை போட்டுக் குடுங்க" என்று கங்கம்மாள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "அன்னிக்குத்தான் டேனரிங்க லீவு. யாவாரம் கெடாது."

வெளியே வந்ததும் லாங் பஜாருக்குப் போகலாம் என்றாள். கைவண்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே புகுந்து, பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கி, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு அலுமினியக் குண்டானைத் தேர்ந்தெடுத்தாள். தட்டிப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள், அடியில் ஒரு நெளிசலைக் கண்டுபிடித்து வேறு எடுக்கச் சொன்னாள்.

"இவ்ளோ பெருசு எதுக்கு?" என்று கேட்டார் பரந்தாமன்.

"மத்தியானத்துக்கு சோறு போடலாம்னு இருக்கேன். பஸ் போற நேரம் மிச்சம்தானே இனிமே."

"ஒடம்பு தாங்குமா?"

"தெரியல. ஆரம்பிச்சிப் பாப்போம்."

ஆளுக்கொரு காதைப் பிடித்துக் குண்டானைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை விலகச் சொல்லிக் கத்திக்கொண்டே கங்கம்மாள் முன்னால் நடந்தாள்.